மணக்கும் என்றார்கள்

பையில் எழுதியிருந்தது: மஞ்சள் லில்லி, வாசனை உண்டு.
குன்னூர் நாற்றுப்பண்ணைக்காரர்
பணத்தை எண்ணிக்கொண்டே இன்னொரு முறை சொன்னார்,
"சாயங்காலம் பாருங்க, வாசல் வரைக்கும் வரும்."
தலையாட்டினேன்.
எனக்கு மூக்கு போய் ஒன்றரை வருஷம் ஆகிறதென்று
அவரிடம் ஏன் சொல்லவேண்டும்.

கட்டபெட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில்
பதினாறு வருஷம் என் மூக்குக்குத்தான் சம்பளம்.
அரைத்த கொழுந்து செம்பு நிறத்துக்குத் திரும்பும்போது
பச்சை வாடை விட்டு ஒரு பழவாடை எழும்பும்.
எழும்பி, நிற்காது.
அந்த நேரம் பார்த்து "போடு" என்பேன், டிரையருக்குப் போகும்.
கடிகாரம் வைத்துப் பார்த்த மேனேஜர்கள்
வந்தார்கள், போனார்கள்.
பிறகு அந்தக் காய்ச்சல். ஏழு நாள்.
எட்டாம் நாள் ரசம் வெந்நீராக இருந்தது.
மூன்று மாதம் பொறுத்துவிட்டு
என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்,
மரியாதையாகத்தான்.

கிழங்கு பார்க்க ஒன்றுமில்லை.
விரல் தடிமனில் வேர், நடுநடுவே வேர்க்கடலை வீக்கம்,
மேலே வெட்டிவிட்ட தாள்.
பீன்ஸ் பாத்திக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே
இரண்டு சாண் தள்ளித் தள்ளி ஐந்து வைத்தேன்.
டிசம்பர் உறைபனியில் இலை கருகிப் படுத்தது.
ஜனவரியில் முள்ளம்பன்றி இரண்டைத் தோண்டித் தின்றுவிட்டு
ஒரு முள்ளை விட்டுப் போனது, ரசீது மாதிரி.
மார்ச்சில் துளிர்த்ததை வெங்காயத்தாள் என்று
ஒரு பிடி அரிந்து முட்டையில் போடப் பார்த்தார் எஸ்றா.
கையைத் தட்டிவிட்டேன்.
கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரை நான் தட்டியதில்லை.

ஏப்ரல் கடைசியில் தண்டு.
அதன் நுனியில் கொக்கின் அலகாய் ஒன்பது மொட்டு.
முதல் பூ ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தரைக்கு.
பள்ளத்திலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது.
நான் பார்க்கும்போது அசையாமல்
பார்க்காதபோது திறந்துகொண்டது.
முழங்காலிட்டு மூக்கை உள்ளே வைத்தேன்.
குளிர்ந்திருந்தது. மகரந்தம் ஒட்டியது.
வேறொன்றுமில்லை.

அதற்குப் பிறகு பூவைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தேன்.
இலை லாரி ஹாலன் வளைவில் கியர் மாற்ற மறந்தான்.
பால் ஊற்ற வந்த ருக்கி
"என்னக்கா சமைக்கிறீங்க?" என்று அடுக்களைப் பக்கம் எட்டினாள்.
எலுமிச்சை மிட்டாய் என்றது எதிர்வீட்டுக் குழந்தை.
சோப்பு என்றான் அதன் அண்ணன்.
எஸ்றா கண்ணை மூடி, வெகுநேரம் யோசித்து,
"நல்லாருக்கு" என்றார்.
இருபத்துமூன்று வருஷமாக என் குழம்புக்கும் அதுதான்.

வெள்ளிக்கிழமை ஜெபசிங் வந்தான்,
என் இடத்தில் இப்போது நிற்பவன்.
சங்கக் காகிதம் ஒன்றில் கையெழுத்து வேண்டுமாம்.
அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்று
எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.
கேட்டைத் திறந்தவன்
கேட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டான்,
தலையைக் கொஞ்சம் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து.
நான் அப்படித்தான் நிற்பேன்.
நின்றேன்.

"என்ன மாதிரி இருக்கு?"
சட்டென்று சொல்லவில்லை அவன்.
"மழை விட்ட மறுநாள் கொழுந்துக்கா.
போடுன்னு சொல்ல வாயெடுக்கிறோமில்ல,
அதுக்குக் கொஞ்சம் முந்தி.
அதுல தேன் ஒரு சொட்டு."

எந்த நிமிடம் அது என்று எனக்குத் தெரியும்.
ஆயிரம் தடவை அதன் ஓரத்தில் நின்றிருக்கிறேன்.
காகிதத்தை வாங்கி
எங்கே கையெழுத்து என்று கேட்டேன்.
காட்டினான். மறுபடியும் கேட்டேன்.

டீ குடித்துவிட்டுப் போனான்.
மறுநாள் மதியத்துக்குள் அந்தப் பூ
நனைந்த காகிதமாய்ச் சுருண்டது. ஒரு நாள்தான் அதற்கு.
கிள்ளிப் போட்டேன்.

தண்டில் இன்னும் ஐந்து மொட்டு இருக்கிறது.
இந்த வாரம் ஜெபசிங்குக்கு இரவு ஷிப்ட்.
ஆறு மணிக்கு இந்த வழியாகத்தான் போவான்.